காந்தத்தோடு வாழ்ந்த தமிழர்: கே. எஸ். கிருஷ்ணன்

வைத்தியத் துறையில் பணியாற்றும் பழைய மாணவி

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால், கனடாவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் வாழும் நம் சகோதரிகள் தொலைபேசியில் அடிக்கடி கேட்கும் கேள்வி வேறொன்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அது என்ன செய்யும், உடம்புக்குக் கெடுதலா, ஏன் அவ்வளவு சத்தம் போடுகிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடை காந்தத்தில் தொடங்குகிறது. காந்தம் என்றதும் நம் மொழி பேசிய ஒருவரின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. அவர் சேர் கே. எஸ். கிருஷ்ணன். அவருடைய வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே, அவர் பழகிய காந்தத்தையும், இன்று வைத்தியசாலைகளில் படுத்திருக்கும் அந்தப் பெரிய காந்தத்தையும் விளக்க முயல்கிறோம். கட்டுரையின் கடைசியில் நம் வன்னிப் பெண்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. அதைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.

துணுக்காயில் நாம் படித்த 1990களை மறந்திருக்க மாட்டீர்கள். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளால் வகுப்புகள் நிரம்பியிருந்தன. மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெயைத் துளித் துளியாகச் செலவழித்து, ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். ஆய்வுகூடம் என்று சொல்லக்கூடிய அறையில் ஒரு லாடக் காந்தம், ஒரு திசைகாட்டி, அடியில் கொஞ்சம் மயில்துத்தம் மிஞ்சிய ஒரு போத்தல் ஆகியவைதான் நம் கண்ணில் பட்டவை. பற்றறி வன்னிக்குள் வரத் தடை இருந்ததால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டோம். லாடக் காந்தம், மயில்துத்தம், டைனமோ ஆகிய மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுவதும் அவை வரும்.

வத்திராயிருப்பிலிருந்து

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898 டிசெம்பர் 4ஆம் திகதி, தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். வயலும் தோப்பும் சூழ்ந்த சிறிய ஊர் அது. தந்தையார் விவசாயம் செய்தவர். தமிழும் சமஸ்கிருதமும் ஆழ்ந்து கற்றவர். மகனுக்கும் அந்த இலக்கியப் பற்று வந்தது. பிற்காலத்தில் உலகம் மதித்த விஞ்ஞானியான பின்பும் தமிழ் இலக்கியத்தை அவர் கைவிடவில்லை.

உயர்பள்ளிப் படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. அங்கே விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் ஒருவரைப் பற்றிக் கிருஷ்ணன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஆசிரியருக்கு விஞ்ஞானத்தில் பெரிய பட்டங்கள் கிடையாது. ஆனாலும் பாடத்தைப் பிள்ளைகளின் மனதில் பதியும்படி சொல்லத் தெரிந்தவர். கிராமப் பாடசாலைகளில் படித்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. பயிற்றப்பட்ட விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தவணைகளில், வேறு பாடத்துக்கு வந்த டீச்சர் ஒருவர் இரவிரவாகப் படித்துவிட்டு வந்து நமக்குப் பௌதிகவியல் சொல்லித் தந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, அதே சென்னைக் கல்லூரியில் இரசாயனவியல் செய்முறை உதவியாளராகப் பணியில் சேர்ந்தார். மதிய இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் என்று எதையும் கேட்கலாம். பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் அந்த உரையாடலுக்கு வரத் தொடங்கினார்கள்.

கல்கத்தாவும் ராமனும்

1920இல் மேற்படிப்புக்காகக் கல்கத்தா சென்ற கிருஷ்ணன், 1923இல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்வதே அங்கே முக்கிய வேலை. 1928 பெப்ரவரியில், ஒரு நிற ஒளி திரவத்தில் பட்டுச் சிதறும்போது அதில் சிறு பகுதி வேறு நிறமாக மாறி வெளிவருவது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நாட்களில் ராமனோடு இருந்து பரிசோதனைகளைச் செய்தவர் கிருஷ்ணன். கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்த முதற் குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அந்த விளைவுக்கும் ராமனின் பெயரே நிலைத்தது.

கிருஷ்ணனுடைய வாழ்க்கையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அவர் நிற்கவில்லை. 1928 முடியும்போதே டாக்கா பல்கலைக்கழகத்துக்கு றீடர் பதவி ஏற்றுப் போய்விட்டார். அங்கேதான் அவருக்கே உரிய பெரிய வேலை தொடங்கியது.

டாக்காவில் ஒரு மெல்லிய இழை

இன்றைய வங்காளதேசத் தலைநகரான டாக்காவில் அப்போது பௌதிகவியல் துறையில் சத்யேந்திரநாத் போஸ் இருந்தார். கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளிமையானது. ஒரு பளிங்கைக் காந்தத்துக்கு நடுவில் வைத்தால் அது என்ன செய்யும்?

காந்தத்துக்கு முன் உலகிலுள்ள பொருள்கள் ஏறக்குறைய மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. இரும்பும் நிக்கலும் பலமாக இழுபடுகின்றன. இவை பெரோகாந்தப் பொருள்கள். மயில்துத்தம் போன்றவை மிக மெல்லிதாக இழுபடுகின்றன. இவை பராகாந்தப் பொருள்கள். தண்ணீர், மரம், கொழுப்பு, நம் உடலின் பெரும்பகுதி ஆகியவை மிக மிக மெல்லிதாக விலகுகின்றன. இவை டயாகாந்தப் பொருள்கள். பின்னைய இரண்டும் லாடக் காந்தத்தால் கண்டுகொள்ள முடியாத அளவு நுண்மையானவை. அதனால்தான் இரும்பு மட்டுமே காந்தத்தை அறியும் என்று சின்ன வகுப்பில் நாம் நம்பிக்கொண்டிருந்தோம்.

இந்த நுண்மையை அளக்கக் கிருஷ்ணன் கையாண்ட வழி, கேட்டால் வியப்புத் தரும். தலைமுடியிலும் மெல்லிய குவாட்ஸ் இழையொன்றில் சிறு பளிங்கைக் கட்டி, சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட்டார். பளிங்குக்குள் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால், ஒரு திசையில் அதன் காந்த இயல்பு கூடவும் மற்றத் திசையில் குறையவும் இருக்கும். ஆகவே பளிங்கு தனக்கு வசதியான திசையில் திரும்பி நின்றுவிடும். பின்பு இழையின் மேல் முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போவார். பளிங்கு அந்த முறுக்குக்கு இணங்காமல் காந்தத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். முறுக்கு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, 45 பாகை அளவுக்கு வந்ததும் பிடி விட்டுப்போய், சடாரென்று சுழன்று புரளும். அது புரளும் கணத்தில் இழை எவ்வளவு முறுக்கப்பட்டிருந்தது என்பதிலிருந்து, இரு திசைகளுக்கும் இடையிலான காந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். தேவைப்பட்டவை ஒரு காந்தம், ஒரு இழை, ஒரு பளிங்கு, அதோடு கிளறாமல் அவசரப்படாமல் காத்திருக்கத் தெரிந்த கை.

அவரும் பானர்ஜி, குஹா, சக்கரவர்த்தி, முகர்ஜி முதலிய உடன் ஆய்வாளர்களும் பளிங்கு பளிங்காக அளந்தார்கள். அலுமாரியில் துணிகளுக்கிடையே போடுகிறோமே நப்தலீன் உருண்டை, அதன் பளிங்கும் அவற்றில் ஒன்று. நப்தலீன் போன்றவற்றின் மூலக்கூறுகளில் ஆறு காபன் அணுக்கள் கொண்ட வளையங்கள் தட்டையாக இருக்கின்றன. காந்தப்புலம் அந்தத் தட்டுக்குச் செங்குத்தாக வரும்போது விலக்கம் மிகவும் கூடுகிறது. வளையத்தைச் சுற்றி இலத்திரன்கள் ஓடித் திரிவதே காரணம். எனவே பளிங்கு எப்படித் திரும்புகிறது என்று பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுத் தட்டுகள் உள்ளே எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். வெளியே காந்தத்தை வைத்து, பொருளை உடைக்காமல் அதன் உள்ளமைப்பை அறிவது என்ற எண்ணம் இங்கே தெளிவாக இருக்கிறது.

1933இல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி, முன்பு பணியாற்றிய அதே சங்கத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். 1936இல் முகர்ஜியுடன் சேர்ந்து மயில்துத்தப் பளிங்கின் காந்த இயல்பை ஆராய்ந்து வெளியிட்டார். செப்பு அயனைச் சுற்றி ஒட்சிசன் அணுக்கள் அமைந்திருக்கும் விதத்தைப் பளிங்கின் காந்த நடத்தையோடு பொருத்திக் காட்டிய ஆய்வு அது. நம் ஆய்வுகூடப் போத்தலின் அடியில் கிடந்த அதே நீலப் பளிங்குதான். உப்புப் பரிசோதனைக்கு ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு நாம் நகர்ந்துவிட்டோம். அவர் அதையே தொங்கவிட்டு அது புரளும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே 1936இல் இன்னொரு ஆய்வுக் கட்டுரையில் அவருடைய பெயரோடு ஒரு பெண்ணின் பெயரும் சேர்ந்து வந்தது. அவர் கத்லீன் லொன்ஸ்டேல். எக்ஸ் கதிரைக் கொண்டு பென்சீன் வளையம் தட்டையானது என்று நிறுவியவர். மூன்று பிள்ளைகளின் தாய். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது வீட்டிலிருந்தபடியே கணக்குகளைச் செய்து ஆய்வைத் தொடர்ந்தவர். 1945இல் இலண்டன் றோயல் சங்கத்தில் முதன்முதலாக அங்கத்துவம் பெற்ற இரு பெண்களில் ஒருவர் அவர். கிருஷ்ணன் அவருக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1940இல் அதே சங்கத்தின் அங்கத்தவரானார். இடையில் ரதர்போர்டும் வில்லியம் பிராக்கும் அழைக்க இங்கிலாந்து சென்று விரிவுரைகள் ஆற்றினார். பென்சில் கூரான கிரபைற்றின் காந்த இயல்பையும் அந்த ஆண்டுகளில் ஆராய்ந்தார்.

டில்லியில் இறுதிக் காலம்

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியரானார். 1946இல் சேர் பட்டம் கிடைத்தது. 1947இல் டில்லியில் அமையவிருந்த தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதலாவது பணிப்பாளராகப் பொறுப்பேற்றார். 1948இல் அமைக்கப்பட்ட இந்திய அணுசக்தி ஆணைக்குழுவிலும் ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்னாகர் ஆகியோருடன் இடம்பெற்றார். 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்னாகர் பரிசும் அவருக்குக் கிடைத்தன. இவ்வளவு நிர்வாகப் பொறுப்புக்கிடையிலும் ஆய்வை அவர் நிறுத்தவில்லை. 1961 ஜூன் மாதத்தில், 62ஆவது வயதில் டில்லியில் காலமானார்.

அவர் டில்லிக்கு வந்த காலத்தில் உலகின் இன்னொரு மூலையில் காந்தவியல் புதிய திசையில் திரும்பியிருந்தது. கிருஷ்ணன் ஆராய்ந்தது பெரும்பாலும் இலத்திரன்களின் காந்தம். ஐதரசன் அணுவின் கருவாகிய புரோத்தனும் ஒரு சின்னக் காந்தமே. அதன் பலம் இலத்திரனின் காந்தத்தில் சுமார் 650இல் ஒரு பங்குதான். 1938இல் ரபி என்பவர் கருக்களின் இந்தக் காந்தத்தை மூலக்கூறுக் கற்றைகளில் அளந்தார். 1946இல் புளொக், பேர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே, திண்மத்திலும் திரவத்திலும் உள்ள புரோத்தன்களை வானொலி அலையால் பேசவைத்தார்கள். 1951இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் சூர்யன் என்ற ஆய்வாளர், குழாயில் ஓடும் நீரில் இந்த ஒலிபரப்பு மாறுவதைக் கண்டு வெளியிட்டார். இரத்த ஓட்டத்தைக் காந்தத்தால் அளப்பதற்கு அது ஒரு தொடக்கப் படி. மனித உடலின் உட்படத்தை எடுப்பதற்குள் இன்னும் கால் நூற்றாண்டு போய்விட்டது. 1973இல் லோட்டர்பர் படம் எடுக்கும் வழியைக் காட்டினார். மான்ஸ்பீல்ட் அதை விரைவாக்கினார். 1977இல் உயிருள்ள மனிதரின் படங்கள் வந்தன. கிருஷ்ணன் அதைக் காணவில்லை. எம்.ஆர்.ஐ. கருவியை அவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது பிழை. ஆனால் அந்தக் கருவியின் படத்தை வாசிக்க வேண்டுமானால், அவர் அளந்த மூன்று வகைக் காந்தத்தையும் அறியாமல் முடியாது.

அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது

ஸ்கேன் அறையில் நாம் படுக்கும் குழாயைச் சுற்றிப் பெரிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. திரவ ஹீலியத்தில், பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகைவரை குளிரூட்டப்பட்டிருப்பதால் அதில் மின்னோட்டம் தடையின்றி ஓடிக்கொண்டே இருக்கும். பல வைத்தியசாலைகளில் உள்ள கருவிகளின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா. நம் ஊரில் திசைகாட்டியைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தைவிட அது 30,000 மடங்குக்கும் அதிகம்.

நம் உடலின் பெரும்பகுதி தண்ணீர். ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறிலும் இரண்டு ஐதரசன். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புரோத்தன் காந்தம். வெளியே இவை தாறுமாறாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய காந்தத்துக்குள் வந்ததும் சில புலத்தின் பக்கமாகவும் சில எதிராகவும் நிற்கின்றன. பக்கமாக நிற்பவை கொஞ்சம் கூட. எவ்வளவு கூட என்றால், 1.5 டெஸ்லாவில் 10 இலட்சம் புரோத்தன்களுக்கு ஏறக்குறைய 5 மட்டுமே. ஒரு துளித் தண்ணீரிலேயே எண்ணி முடிக்க முடியாத புரோத்தன்கள் இருப்பதால், இந்தச் சிறு மிகுதியே நமக்குப் போதும்.

பம்பரம் விட்டிருப்பீர்கள். சாய்ந்த பம்பரம் விழாமல் தலையை ஆட்டி வட்டமிடும். புரோத்தனும் காந்தப்புலத்தைச் சுற்றி அப்படித்தான் வட்டமிடுகிறது. புலம் கூடினால் வேகமும் கூடும். 1 டெஸ்லாவில் செக்கனுக்குச் சுமார் 4 கோடியே 26 இலட்சம் முறை, 1.5 டெஸ்லாவில் சுமார் 6 கோடியே 40 இலட்சம் முறை. இந்த மீடிறன் நாம் கேட்கும் எப்.எம். வானொலி மீடிறனுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சரியாக அதே மீடிறனில் வானொலி அலையை உடலுக்குள் அனுப்பினால், புரோத்தன்கள் அதன் சக்தியை ஏற்றுச் சாய்கின்றன. ஊஞ்சல் ஆடும் பிள்ளையை அதன் ஆட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் தள்ளினால், சின்னக் கையின் தள்ளலுக்கே ஊஞ்சல் உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் ஆட்டம் குழம்பும். இதைத்தான் பாடப்புத்தகம் பரிவு என்கிறது. காந்தப் பரிவுப் படம் என்ற பெயரின் பொருள் இதுவே.

அலையை நிறுத்தியதும் சாய்ந்த புரோத்தன்கள் சுழன்றபடி பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இங்கே நம் சைக்கிள் டைனமோவை நினையுங்கள். அதற்குள் காந்தம் சுழல, சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின் பிறந்தது. அதில் றேடியோ பாடியது. உடலுக்குள் சுழலும் கோடானுகோடிப் புரோத்தன் காந்தங்களும், உடலருகே வைத்திருக்கும் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பிறப்பிக்கின்றன. அதுவே ஸ்கேன் கருவி கேட்கும் செய்தி. ஸ்கேன் எடுத்த நம் சகோதரிகள் தலையிலோ முழங்காலிலோ மாட்டப்பட்ட கூண்டைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கூண்டுக்குள் இருப்பது அந்தச் சுருள்தான்.

செய்தி எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை அறிய, வேறு சில சுருள்கள் காந்தப்புலத்தை ஒரு முனையில் சற்றுக் கூட்டி மறுமுனையில் சற்றுக் குறைக்கின்றன. புலம் மாறினால் சுழலும் வேகம் மாறும் என்றோமல்லவா? ஆகவே மீடிறனைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். இந்தச் சுருள்களில் மின்னோட்டம் விரைந்து மாறும்போது பெரிய காந்தம் அவற்றை உதைக்கிறது. ஒலிபெருக்கி அதிர்வது போல அவை அதிர்கின்றன. தகரக் கொட்டகைக்கு மேல் கல் விழுவது போன்ற அந்தச் சத்தத்துக்கு இதுவே காரணம். கருவி பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். எக்ஸ் கதிரோ கதிர்வீச்சு மருந்தோ இதில் இல்லை.

புரோத்தன்கள் திரும்பும் வேகம் இடத்துக்கு இடம் வேறுபடும். கொழுப்பில் விரைவு, தெளிந்த நீரில் மெதுவு. இந்த வேறுபாட்டை ஒருவகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகவும், இன்னொருவகைப் படத்தில் நீர் வெள்ளையாகவும் தெரியும்படி மாற்றிக்கொள்ளலாம். வீக்கமும் அழற்சியும் நீர் கூடிய இடங்கள் ஆதலால் அவை பளிச்சிடும். பராகாந்தப் பொருள் அருகில் வந்தால் புரோத்தன்கள் இன்னும் விரைவாகத் திரும்பும். கடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவது அதற்காகத்தான். ஒட்சிசனை இழந்த இரத்தமும் பராகாந்தம். மூளையில் இரத்தக் கசிவைப் படத்தில் அடையாளம் காண அது உதவுகிறது. மயில்துத்தக் கரைசலும் நீரின் புரோத்தன்களை விரைவாகத் திரும்பச் செய்யும். கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கப் பயன்படும் மாதிரிப் போத்தல்களில் அதை ஊற்றி வைப்பதுண்டு. நீலத் தண்ணீர் நிரம்பிய அப்படியொரு போத்தலை முதன்முறை கண்டபோது, துணுக்காய் ஆய்வுகூடத்தின் அலுமாரி நினைவுக்கு வந்து சற்று நேரம் நின்றுவிட்டோம்.

நம் உடலில் இருக்கும் இரும்பு

இனி, தொடக்கத்தில் சொன்ன செய்தி. தண்ணீரும் இரத்தமும் காந்தத்தை உணர்வது நமக்குத் தெரியாத அளவு நுண்மையாக. இரும்பு அப்படி அல்ல. ஸ்கேன் காந்தம் இரவும் பகலும் நிற்காமல் வேலை செய்யும். படம் எடுக்காத நேரத்திலும் அது காந்தமே. கிருஷ்ணனின் பளிங்கு இழையில் திரும்பியது போல, உடலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டும் புலத்தின் திசைக்குத் திரும்பப் பார்க்கும். அருகே போகப் போக இழுபடவும் பார்க்கும். பளிங்கு மெல்லத் திரும்பியது. இரும்பின் விசையோ பல மடங்கு.

நம் ஊர்ப் பெண்கள் பலருடைய உடலில் யுத்த காலத்துச் செல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எடுத்தால் கூடுதல் ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவைத்தவை சில. இருப்பதே தெரியாதவை சில. ஒருமுறை முதுகு வலிக்காக ஸ்கேனுக்கு அனுப்பப்பட்ட ஓர் அம்மா, உடலில் உலோகம் உண்டா என்ற படிவக் கேள்விக்கு இல்லை என்று அடையாளமிட்டிருந்தார். உலோகம் என்றால் சத்திரசிகிச்சையில் வைக்கும் தகடு என்று அவர் விளங்கியிருந்தார். அறை வாசலில் வைத்து, அம்மா, செல் பட்டதா, பீஸ் ஏதும் உள்ளே இருக்கா என்று நம் ஊர்ப் பேச்சில் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் தலைமுடியை விலக்கிக் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைக் காட்டினார். எக்ஸ் கதிரில் நகத்தளவு துண்டொன்று தெரிந்தது. அன்று ஸ்கேன் நிறுத்தப்பட்டு, வேறு பரிசோதனைக்கு அவர் அனுப்பப்பட்டார். படிவத்தில் இருந்த சொல் அவருடைய சொல் அல்ல என்பதால் வந்த வினை அது. அந்த நாள் முதல் இந்தக் கேள்வியை வைத்தியமொழியில் கேட்பதை விட்டுவிட்டோம்.

ஆகவே நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உங்களுக்கோ அம்மாவுக்கோ அக்காவுக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், செல், குண்டு, கண்ணிவெடி எதனாலாவது காயப்பட்டதுண்டா என்பதைக் கேட்காவிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். வன்னியில் யுத்தத்துக்குள் வாழ்ந்தவர் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் வைத்தியர் எக்ஸ் கதிர் எடுத்துப் பார்ப்பார். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகே உள்ள துண்டே மிக ஆபத்தானது. தசைக்குள் நெடுங்காலம் தழும்போடு ஊறிப்போன துண்டு எல்லாமே தடையாகிவிடாது. எடுக்கலாமா கூடாதா என்பதைக் கதிரியல் வைத்தியர் தீர்மானிப்பார். துண்டு இருக்கிறது என்பதை மறைப்பதுதான் ஆபத்து. இதய இயக்கி, காதுக்குள் வைத்த கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், எலும்பில் வைத்த தகடு இவற்றையும் சொல்லுங்கள். தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வெளியே வையுங்கள். தங்கத்தை இழுக்காது என்றாலும், ஊக்கு இரும்பு.

நிறைவாக

வத்திராயிருப்பில் பிறந்த பிள்ளை, பெரிய பட்டங்கள் இல்லாத ஓர் ஆசிரியரிடம் விஞ்ஞானம் விரும்பக் கற்று, இழையில் கட்டிய பளிங்கைப் பார்த்துக்கொண்டிருந்து, பொருளின் உள்ளமைப்பைச் சொன்னது. அந்தப் பரிசோதனைக்குத் தேவைப்பட்ட பொருள்களில் பெரும்பாலானவை நம் பாடசாலை ஆய்வுகூடத்திலும் இருந்தன. நமக்கு இல்லாதிருந்தது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அமைதி. வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகளுக்கு அந்த அமைதி கிடைக்கவில்லை. இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு அது இருக்கிறது.

நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கும்படி சங்கத்தை அன்போடு கேட்டுக்கொள்கிறோம். பெரிய கருவிகள் வேண்டாம். நல்ல காந்தங்கள் சில, திசைகாட்டிகள், கம்பிச் சுருள்கள், ஒரு சைக்கிள் டைனமோ, ஒரு போத்தல் மயில்துத்தம். பின் ஒரு பிள்ளை நூலில் பளிங்கைக் கட்டிவிட்டு, மணி அடித்த பின்பும் எழும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தால், அவளை எழுப்பாத ஓர் ஆசிரியை. அவ்வளவு இருந்தால் போதும்.